பூனைக் கூண்டு செய்யச் சொன்ன சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

கோரிமேடு, சேலம்.

எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் ஐயா, செயலாளர் தம்பி, பொருளாளர், மற்றும் போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கை தூக்கிய அத்தனை பேருக்கும் வணக்கம்.

அன்றைக்கு நான் கூட்டத்துக்கு வரவில்லை. ஒரு வீட்டில் கேட் மாட்டுகிற வேலை இழுத்துவிட்டது. சாயங்காலம் தீர்மான நகல் வீட்டுக்கு வந்தது. நாலாவது தீர்மானத்தை இரண்டு தடவை படித்தேன். நம் நகரில் திரிகிற பூனைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, ஏற்காடு மலைப்பாதையில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று போட்டிருக்கிறீர்கள். காரணமாக என் வீட்டுச் சாவைக் காட்டியிருக்கிறீர்கள்: "நமது உறுப்பினர் ஒருவர் வளர்த்த பிராணியைப் பூனை கடித்துக் கொன்றதை முன்னிட்டு." அதற்கு அடுத்த வரியிலேயே, கூண்டை அந்த உறுப்பினரே செய்து தருவார் என்றும் எழுதியிருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செத்தது என் வீட்டுப் பிராணிதான். கூண்டு செய்வதும் என் தொழில்தான். முப்பது வருஷமாகக் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். உங்களில் பாதிப் பேர் வீட்டு ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, கேட் எல்லாம் என் பட்டறையில் வெல்டிங் வைத்ததுதான். ஆனால் நீங்கள் சொல்கிற காரியத்துக்கு நான் கூண்டு செய்து தரமாட்டேன். ஏன் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னால் பாதியிலேயே யாராவது தண்ணீர் வரி பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் எழுதிவிட்டேன். சங்கத்து நோட்டீஸ் போர்டிலும் ஒரு பிரதி ஒட்டியிருக்கிறது.

முதலில் செத்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். "அவங்க வீட்டு எலியைப் பூனை பிடிச்சிடுச்சாம், பூனை எலியைப் பிடிக்காம கொழுக்கட்டையா பிடிக்கும்" என்று டீக்கடையில் ஒருவர் சொல்லிச் சிரித்தது என் காதுக்கும் வந்தது. அது வீட்டு எலி இல்லை. கடைக்காரர்கள் கினி பிக் என்பார்கள், புத்தகத்தில் கினிப் பன்றி என்று இருக்கும். பன்றிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கினி நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைப் பக்கத்து ஜனங்கள் சில ஆயிரம் வருஷமாக, நாம் கோழி வளர்க்கிற மாதிரி, கறிக்காக வளர்த்த பிராணி. வால் கிடையாது. முன்காலில் நாலு விரல், பின்காலில் மூன்று. நன்றாக வளர்ந்தது ஒரு கிலோவுக்கு முன்னே பின்னே நிற்கும். புல்தான் சாப்பாடு. பையில் அருகம்புல் சரசரத்தால் போதும், 'வீக் வீக்' என்று தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்தும். சந்தோஷம் வந்தால் சட்டியில் பொரி பொரிகிற மாதிரி நின்ற இடத்திலேயே எகிறிக் குதிக்கும். பயம் வந்தால் கல்லாக உறைந்துவிடும், இல்லாவிட்டால் கண் மண் தெரியாமல் ஓடும். கடிக்கத் தெரியாது என்று சொல்லமாட்டேன், ஆனால் பூனையை எதிர்த்து நிற்க அதனிடம் ஒன்றுமே இல்லை.

பொங்கல் கழிந்த வாரம் என் பேத்தி இரண்டை வாங்கி வந்தாள். வெள்ளைக்கு ஜவ்வரிசி என்று பேர், கறுப்புக்கு மிளகு. சேலத்துப் பிள்ளைக்கு வேறு என்ன பேர் தோன்றும்! இரண்டும் பெட்டை என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். சித்திரை பிறந்த சமயத்தில் ஒரு நாள் விடிந்து பார்த்தால் நாலு இருந்தது. எலிக்குட்டி மாதிரி கண் மூடிச் சிவப்பாகக் கிடக்கும் என்று நினைத்துக் குனிந்தால், உடம்பு முழுக்க முடி, கண் திறந்திருக்கிறது, ஓடவே செய்கிறது. மிளகு பெட்டை இல்லை என்பது அப்புறம்தான் எங்களுக்குப் புரிந்தது. அதைத் தனியாகப் பிரித்து வைத்தோம்.

இவற்றுக்காகப் பின்பக்கம் கொய்யா மரத்தடியில் நானே ஒரு கூண்டு செய்தேன். அந்தக் கூண்டைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டறையில் ஒரு கோழிப்பண்ணை வேலைக்கு வாங்கி மிஞ்சின கோழி வலை கிடந்தது, அந்த ஆறு மூலைக் கண் உள்ள மெல்லிய கம்பி. நாலு பக்கமும் அதைச் சுற்றினேன். மேலே பழைய தகரம் ஒன்றைப் போட்டு, ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு செங்கல் வைத்தேன். கீல் வைக்கவில்லை, தாழ்ப்பாள் வைக்கவில்லை. ஊருக்கெல்லாம் மூன்று பூட்டு போடுகிற மாதிரி கேட் அடித்துக் கொடுப்பவன், சொந்த வீட்டுக்கு வந்ததும் செங்கல் போதும் என்று இருந்துவிட்டேன்.

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோவிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். திரும்பி வர இருட்டிவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், இரண்டு செங்கல் எம்மாத்திரம்? தகரம் ஒரு சாண் நகர்ந்து கிடந்தது. வண்டி வெளிச்சத்தைக் கொல்லைப் பக்கம் திருப்பினேன். அந்தச் சாம்பல் வரிப் பூனை கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தது, வாயில் ஜவ்வரிசி. குட்டிகள் இரண்டும் உடைந்த பானை ஓட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிக்கொண்டு சத்தமே இல்லாமல் இருந்தன. நான் போட்ட கூச்சலில் பூனை வாயில் இருந்ததைப் போட்டுவிட்டு, அதே ஒரு சாண் சந்து வழியாக வெளியே போயிற்று. மதில் மேல் ஏறி, ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனது.

கையில் எடுத்துப் பார்த்தேன். ரத்தம் இல்லை. கழுத்து முடியை விலக்கினால் ஊசி குத்தின மாதிரி இரண்டே புள்ளி. தப்பித்தது என்று நினைத்தோம். வீட்டுக்காரி மஞ்சள் வைத்தாள், துணியில் சுற்றிச் சமையலறையில் வைத்தோம். கொத்தமல்லித் தழையை வாய்க்குப் பக்கத்தில் நீட்டினேன். மோந்துகூடப் பார்க்கவில்லை. பேரனுக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கின ஆன்டிபயாடிக் சிரப் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதில் நாலு சொட்டு கொடுக்கலாமா என்று பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டு, அளவு தெரியாததால் வைத்துவிட்டேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தோம்.

காலையில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் மேஜைமேல் வைத்த கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். பூனைப் பல் ஊசி மாதிரி, உள்ளே ஆழமாக இறங்கிவிடும், மேல்தோல் உடனே மூடிக்கொள்ளும். பூனை வாயில் எப்போதும் இருக்கிற பாஸ்சுரெல்லா என்கிற கிருமி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். கடிபட்ட பிராணி வெளியே பார்க்க நன்றாக இருக்கும், ரத்தத்தில் கிருமி ஏறி ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பூனை வாய்க்குப் போய் வந்தது என்றால் அந்த மணி நேரமே தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்றார். சிரப் விஷயத்தைச் சொன்னேன். பாட்டில் பேரைக் கேட்டார். அமாக்சிசிலின். "நல்ல வேளை கொடுக்கவில்லை. பெனிசிலின் வகை மருந்து இதற்கு வயிற்றில் இருக்கிற நல்ல கிருமியை அழித்துவிடும், அதுவே கொன்றுவிடும்" என்றார். நம் நகரில் வேறு இரண்டு வீட்டிலும் முயல், கினி பிக் வளர்க்கிறார்கள் என்று கேள்வி. முயலுக்கும் இதே கதைதானாம். அவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது கிழித்து வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது சொல்லுங்கள், ஜவ்வரிசி சாவுக்கு யார் பொறுப்பு? தீர்மானத்தில் பூனை என்று எழுதிவிட்டீர்கள். என்னைக் கேட்டிருந்தால் இரண்டு செங்கல் என்று சொல்லியிருப்பேன்.

கோழி வலை என்பது கோழியை உள்ளே நிறுத்தத்தான். வெளியே இருந்து வருகிறதைத் தடுக்க அது பிறக்கவில்லை. இழுத்தால் கண் விரியும், துருப்பிடித்தால் கையாலேயே பிய்க்கலாம், கண் வழியாகப் பூனை முழங்கை வரை கையை விடும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரிந்தும் செய்தேன். இப்போது புதிதாக ஒன்று செய்திருக்கிறேன், சந்தேகம் இருப்பவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். முக்கால் இஞ்ச் ஸ்கொயர் டியூப்பில் சட்டம், அரை இஞ்ச் கண் வெல்டு மெஷ் என்கிற கெட்டிக் கம்பி வலை, நாலு பக்கமும் மேலேயும். வெளிப்பக்கம் ஒரு கை அகலம் இடைவெளி விட்டு இன்னொரு மெஷ், பூனை கையை விட்டாலும் உள்ளே இருப்பதன் மேல் படாது. கொக்கி வைத்தால் பூனை நகத்தால் தட்டித் தட்டித் தூக்கிவிடும் என்பதால் நட்டு போட்ட தாழ்ப்பாள். தரையில் மட்டும் மெஷ் போடவில்லை. கம்பிமேல் நின்றால் இதன் பாதம் புண்ணாகிவிடும், அதனால் பலகை, அதன்மேல் காய்ந்த புல். மேலே தகரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தென்னங்கீற்று வேய்ந்திருக்கிறேன். சேலத்து வெயிலில் தகரத்துக்குக் கீழே இருந்தால் பூனையே வேண்டாம், 30 டிகிரியைத் தாண்டினாலே இந்தப் பிராணி துவண்டுவிடும், நம் ஊர் சித்திரை வைகாசியில் 40-ஐ எட்டுகிறது. உள்ளே இரண்டு வாசல் உள்ள மரப்பெட்டி ஒன்று, பயந்தால் ஒளிந்துகொள்ள. ஒரே வாசல் என்றால் ஒன்று இன்னொன்றை உள்ளே மடக்கிவிடுகிறது. கூண்டுக் கால் நாலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருக்கிறேன், எறும்புக்காக. பொழுது சாய்ந்தால் எல்லாவற்றையும் தூக்கி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறோம். பூனைக்கு மசங்கல் நேரமும் விடிகாலையும்தான் வேட்டைப் பொழுது.

அந்தச் சாம்பல் பூனை இன்றைக்கும் வருகிறது. மதில்மேல் உட்கார்ந்து பார்க்கிறது. முதல் வாரம் மிளகும் குட்டிகளும் அதைக் கண்டால் உறைந்து நின்றன, தீனி எடுக்கவில்லை. இந்தப் பிராணிக்கு ஒரு நாள் வயிறு காலியாக இருந்தாலே ஆபத்து. அதனால் மதில் பக்கம் ஒரு கோணிச் சாக்கைக் கட்டி மறைத்துவிட்டேன். இப்போது அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது, இவை பாட்டுக்குப் புல் தின்கின்றன.

இதற்கு முன்னால் நான் செய்து பார்த்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் யாரும் திரும்பச் செய்ய வேண்டாம். நம் தெருவில் எல்லோரும் கேட்டுக்குப் பக்கத்தில் நாய்க்காக மாட்டுகிறோமே, சொட்டு நீலம் கலந்த தண்ணீர் பாட்டில், அதில் ஐந்து மாட்டினேன். பூனை அதன் நிழலில் படுத்துத் தூங்கியது. ஒருவர் அந்துருண்டை போடச் சொன்னார். அது பூனைக்கும் விஷம், கூண்டுக்குள் இருப்பதற்கும் விஷம், நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் விஷம். மிளகாய்ப்பொடி தூவினால் முதலில் தும்முவது கினி பிக்தான். ஏற்காட்டு ஆரஞ்சுத் தோல் மட்டும் கொஞ்சம் வேலை செய்தது, பூனைக்கு அந்த வாசனை ஆகாது. தோல் காய்கிற வரைக்கும்தான். தினம் ஆரஞ்சு வாங்க முடியுமா? ஒரு சொம்புத் தண்ணீரை அதற்குப் பக்கத்தில் வீசினால் அன்றைக்குப் போய்விடும். மறுநாள் வரும்.

சரி, இனி உங்கள் தீர்மானத்துக்கு வருகிறேன்.

மலைப்பாதையில் விடுவது என்கிறீர்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது நாங்கள் சேலத்துக் குகைப் பகுதியில் குடியிருந்தோம். பாலைத் திருடிக் குடிக்கிறது என்று ஒரு கடுவனை அப்பா சாக்கில் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து, சூரமங்கலம் ரயில் நிலையம் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் கொஞ்சம் மெலிந்து அடுப்பங்கரையில் வந்து படுத்திருந்தது. அம்மா அதற்குப் பால் ஊற்றினாள், அப்பா ஒன்றும் பேசவில்லை. அது திரும்பி வந்த பூனை. வழியில் லாரிச் சக்கரத்தில் போகிற பூனைதான் அதிகம்.

நம் அடிவாரத்திலிருந்து மேலே ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. இரண்டு பக்கமும் காடு. வளைவுக்கு வளைவு குரங்கு, சனி ஞாயிறு என்றால் இடைவிடாத வண்டி. தெருவில் மீன் தலையும் மிச்சச் சோறும் தின்று வளர்ந்த பூனை அங்கே என்ன செய்யும்? பாதி பட்டினியில் சாகும். பிழைக்கிற பாதி காட்டில் இருக்கிற குருவி, ஓணான், அணில் எல்லாவற்றையும் பிடிக்கும். நம் மதில்மேல் இருக்கிற தொல்லையைக் கொண்டுபோய், ஒரு பாவமும் அறியாத கொண்டைக்குருவிக் கூட்டில் இறக்கிவைப்பதற்குப் பேர் தீர்வா?

இங்கேயும் ஒன்றும் மாறாது. பூனை நம் நகருக்கு வருவது நம்மைப் பார்க்க இல்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவின தண்ணீர், மூடி இல்லாத குப்பைத் தொட்டி, மளிகைக் கடைக் கிடங்கில் இருக்கிற எலி, இதற்காக வருகிறது. அதெல்லாம் அப்படியே இருக்க ஏழு பூனையை மட்டும் எடுத்தால், மழை முடிவதற்குள் பக்கத்து நகரிலிருந்து வேறு ஏழு வந்து உட்கார்ந்துகொள்ளும். வராமல் இருந்தால் இன்னும் மோசம். எலி பெருகும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். எலிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

என் கினி பிக்குக்கும் இதனால் லாபம் இல்லை. நாம் மலையடிவாரத்தில் குடியிருக்கிறோம். கீரி வரும், சாரை வரும், பகலில் பருந்து சுற்றும். பூனை ஒன்றையே மனசில் வைத்துக் கூண்டு செய்தால் அடுத்தது கீரி மண்ணைத் தோண்டிக்கொண்டு வரும். எல்லாவற்றுக்கும் பதில் அந்த அரை இஞ்ச் மெஷ்தான்.

இன்னொரு சமாச்சாரம். கூட்டம் கலைந்த பிறகு ஒருவர், "கூண்டெல்லாம் எதுக்கு, கருவாட்டுல மருந்து கலந்து வச்சா ஒரே ராத்திரி" என்றாராம். பேர் எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. அவருக்கு மட்டும்: பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 1960-லிருந்து இருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய தண்டனைச் சட்டத்தில் 325-ஆவது பிரிவு, பிராணியை விஷம் வைத்தோ வேறு வழியிலோ கொன்றால் ஐந்து வருஷம் வரை சிறை என்கிறது. சட்டத்தை விடுங்கள். கருவாட்டைப் பூனைதான் தின்னும் என்று யார் எழுதிக் கொடுத்தது? தெரு நாய் தின்னும், காக்கை தின்னும், தவழ்கிற குழந்தை கையில் எடுக்கும்.

அப்புறம், மூன்றாவது குறுக்குத் தெரு அக்காவைக் கூட்டத்தில் நிற்கவைத்துக் கேட்டீர்களாம், நீங்கள் சோறு போடுவதால்தான் பூனை பெருகுகிறது என்று. அக்கா அழுதுகொண்டே போனார் என்று கேள்விப்பட்டேன். என் வீட்டுச் சாவுக்காக அவரைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. அவர் சோறு போட்டாலும் பூனை வேட்டையாடும், போடாவிட்டாலும் வேட்டையாடும். வயிறு நிறைந்த பூனையும் அசைகிறதைக் கண்டால் பாயும், அது அதன் குணம். ஆனால் அக்காவிடம் எனக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வையுங்கள், அரை மணியில் தட்டை எடுத்துவிடுங்கள். நாம் அடுத்துச் செய்ய வேண்டியதற்கு அந்த நேரம் தவறாத தட்டுதான் ரொம்ப உபயோகமாக இருக்கப்போகிறது. சங்கத்தில் வேறு யாருக்கும் எந்தப் பூனை எங்கே படுக்கும், எது பெட்டை, எது சினை என்று தெரியாது. அக்காவுக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது கருத்தடை. மருத்துவரிடம் கேட்டு வந்தேன். பெட்டை நாலைந்து மாசத்திலேயே சினை பிடிக்கும், சினைக்காலம் இரண்டு மாசம்தான், வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்றுகூடப் போடும். நம் ஏழில் மூன்று பெட்டை என்று அக்கா சொல்கிறார். மூன்றையும் முதலில் செய்துவிட்டால் அடுத்த வருஷம் இந்தத் தீர்மானமே தேவைப்படாது. கடுவனுக்கு விதை எடுப்பது சின்ன வேலை, செய்துவிட்டால் சுவரெல்லாம் நாற்றம் அடித்து வைப்பதும் ராத்திரிச் சண்டையும் பெரும்பாலும் அடங்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுகிற மாதிரி கத்துகிறது, தூங்க முடியவில்லை என்று மனு கொடுத்த நாலு வீட்டுக்காரர்களும் இதைக் கவனிக்கவும். அதே மயக்கத்தில் இருக்கும்போது வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, காது நுனியில் துளி வெட்டி அடையாளம் வைத்துவிடுவார்கள், அதையே திரும்பப் பிடிக்காமல் இருக்க. பிறகு பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அது தன் இடத்தைக் காத்துக்கொள்ளும், வெளிப்பூனையை அவ்வளவு லேசில் உள்ளே விடாது. இங்கே ஏழையும் ஒரே நாளில் பார்க்க முடியாவிட்டால், நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம்.

இந்த வேலைக்கு என்றால் கூண்டு நான் செய்து தருகிறேன். நீளம் மூன்று அடி, அகலமும் உயரமும் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல். உள்ளே கடைசியில் ஒரு மிதிபலகை, மிதித்தால் கதவு மேலிருந்து வழுக்கி விழும். கதவுக்குக் கீழ் விளிம்பில் ரப்பர் ஒட்டிவிடுகிறேன், வால் மாட்டாமல் இருக்க. கூலி வேண்டாம், மெட்டீரியல் காசு மட்டும் சங்கம் கொடுக்கட்டும். மூன்று நிபந்தனை உண்டு. கூண்டு வைத்த ராத்திரி ஒருவர் முழித்திருந்து மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், வைத்துவிட்டுத் தூங்கப் போகிற வேலை ஆகாது. பூனை விழுந்ததும் கூண்டின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூட வேண்டும், இருட்டானால் அடங்கிவிடும், இல்லாவிட்டால் கம்பியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். பிடித்தது எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது என்று நோட்டில் எழுதி அக்காவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முதல் ராத்திரிக் காவல் நான் இருக்கிறேன்.

கடைசியாக, அந்தச் சாம்பல் வரிப் பூனை. அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்று எல்லோரும் குறியாக இருக்கிறீர்கள். போன வாரம் சங்கக் கட்டடத்து ஷட்டர் இறங்கவில்லை என்று செயலாளர் தம்பி கூப்பிட்டார் இல்லையா, அன்றைக்கு மாடிப்படிக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். பொங்கல் விளையாட்டு விழாவுக்கு அடித்த பெரிய பேனரைச் சுருட்டி வைத்திருக்கிறோமே, அந்தச் சுருட்டுக்குள் நாலு குட்டி. கண் இப்போதுதான் திறந்திருக்கிறது. தாய் சாம்பல் வரி. பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நாம் அதற்கு மேலே போய், காலுக்குக் கீழேயே குட்டிகளை வைத்துக்கொண்டு, மாடியில் உட்கார்ந்து பூனையை ஒழிக்கத் தீர்மானம் போட்டிருக்கிறோம். தாயை மலையில் விட்டிருந்தால் நாலும் அங்கேயே செத்து நாறியிருக்கும். எலி செத்துக் கிடக்கிறது என்று என்னைத்தான் ஷட்டரைக் கழற்றக் கூப்பிட்டிருப்பீர்கள்.

அதன்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் பொய். இன்றைக்கும் மதில்மேல் பார்த்தால் கை செருப்பைத் தேடுகிறது. பேத்தி அதோடு இன்னும் சமாதானம் ஆகவில்லை. ஆனால் நாலு குட்டிக்கும் சேர்த்துத் தின்ன வேண்டிய தாய் அன்றைக்கு ஏன் அந்தச் சந்தில் நுழைந்தது என்பது இப்போது எனக்குக் கணக்குப் புரிகிறது. குட்டிகள் பால் மறக்க இரண்டு மாசம் ஆகும். அதுவரை அதை விட்டுவிட்டு, மற்ற இரண்டு பெட்டையிலிருந்து தொடங்கலாம். அப்புறம் அதற்கும் செய்துவிடலாம். குட்டிகளை வளர்க்க வீடு தேடுவதை அக்காவும் என் பேத்தியும் ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். பேத்தியிடம் இன்னும் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் நாலாவது தீர்மானத்தைத் திருத்தி எழுதுங்கள், என்னைப் பற்றிய வரிகளை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். கூண்டு வருகிற புதன்கிழமை தயாராகிவிடும். துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கிற ரெட் ஆக்சைடு பெயிண்ட் வாசனை போக இரண்டு நாள் வெயிலில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூனை கிட்டவே வராது. ஆக வெள்ளிக்கிழமை ராத்திரி வைக்கலாம்.

சங்கக் கட்டடத்துச் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் அதுவரை அந்தப் பேனரை உருவ வேண்டாம். தை மாதம் வரைக்கும் அது நமக்குத் தேவைப்படாது.

இப்படிக்கு,
நாலாவது தீர்மானத்தில் சொல்லப்பட்ட உறுப்பினர்